கவிழ்த்து வைத்த குப்பிகள்

கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் குப்பிக்குள் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவதுதான் சரசுவின் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் கணவன் ஷங்கரே சிரிப்பான். “தெரியாததப் பாத்து இருக்குன்னு சொல்றதுக்கு மாசச் சம்பளமா? ஜோசியக்காரனுக்குத்தான் அந்த யோகம்னு நெனச்சேன்” என்பான். பதினோரு வருடமாக அதே கிண்டல். அவன் மறந்துவிட்ட நாட்களில் அவளே எடுத்துக்கொடுப்பாள்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு டயர் குடோனுக்கும் அட்டைப்பெட்டி அடிக்கும் பட்டறைக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கம்பெனி. ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வேண்டிய புரதங்களைத் தயாரித்து அனுப்புவது தொழில். அதிகம் போகும் சரக்கு கெமோகைன் என்ற வகை. உடம்பில் எங்காவது காயம் பட்டால், ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்களை ‘இந்தப் பக்கம் வா’ என்று கூப்பிடுவது இந்தப் புரதம்தான். மனித உடம்பில் அதைச் செய்யச் சொல்லும் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டால், பாவம் அந்த பாக்டீரியா, தனக்கு எதற்கும் ஆகாத ஒன்றை விடிய விடியச் சமைத்துத் தருகிறது. அதைச் சுத்தம் செய்து, உறையவைத்து, உலர்த்தி, குப்பிக்குப் பத்து மைக்ரோகிராம் என்று அடைக்கிறார்கள். ஒரு கிராமை ஒரு லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. குப்பியின் அடியில் அது படிந்திருப்பது சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. லேபிளில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல’ என்று சிவப்பில் போட்டிருக்கும். மனிதனிடமிருந்து எடுத்தது மனிதனுக்கு ஆகாதா என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சரசு கேட்டாள்.

அப்படியானால் அவள் எதைத்தான் பார்க்கிறாள்? குப்பியில் கீறல் உண்டா, உள்ளே நூலிழையோ தூசியோ விழுந்திருக்கிறதா, ரப்பர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். அவளுக்கு முன்னால் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு பலகை நிற்கும். மேலே ஒரு விளக்கு. ஒவ்வொரு குப்பியையும் கறுப்புக்கு எதிரே ஐந்து நொடி, வெள்ளைக்கு எதிரே ஐந்து நொடி பிடிக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதற்கு அந்த அறையில்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

அந்த மேஜை அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. பிறந்தது மர்பி டவுனில். அப்பா ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. கார்ப்பரேஷன் பள்ளியில் பத்தாவது வரை தமிழில் படித்தாள். பிறகு ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் பன்னிரண்டு வருடம், தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிக்கும் செக்கர். கல்யாணமாகி சந்தாபுரா வந்த பிறகும் அதே வேலைக்குத்தான் பஸ் ஏறினாள். அந்தக் கார்மென்ட்ஸை மூடியபோது இந்தக் கம்பெனியில் தரை துடைக்கச் சேர்ந்தாள். ஒருநாள் மாப்பைப் பிழிந்துகொண்டே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தூக்கிப் பிடித்திருந்த குப்பியைக் காட்டி, “அதுல முடி இருக்கு பாருங்க” என்றாள். நாலடி தள்ளி நின்று சொன்னாள். எடுத்துப் பார்த்தால் இருந்தது. மூன்று மாதம் கழித்து மாப்பை வைத்துவிட்டு மேஜைக்கு வந்தாள். கம்பெனியில் பத்துப் பேர் பட்டம் வாங்கியவர்கள் இருந்தார்கள். கண் அவளுக்குத்தான் இருந்தது, அதை அவளும் அறிந்திருந்தாள்.

கார்மென்ட்ஸிலிருந்து ஒரு பழக்கமும் கூடவே வந்தது. அங்கே சேர்ந்த முதல் வருடம், பார்த்த சட்டையும் பார்க்காத சட்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது என்று சூப்பர்வைசர் அவளைப் பிடித்துக்கொண்டார். கலந்தது அவள் இல்லை. மேஜை மாற்றியவர்கள் கலந்தார்கள். சொல்லிப் பார்த்தாள், யாரும் கேட்கவில்லை. நூற்றிருபது சட்டையையும் வரிசை முழுவதும் பார்க்க நின்றபடியே மறுபடி பார்க்கச் சொன்னார். மறுநாளிலிருந்து, பார்த்து முடித்த சட்டையைக் காலர் கீழே போகும்படி கவிழ்த்து வைக்கத் தொடங்கினாள். யார் கலந்தாலும் எது பார்த்தது, எது பார்க்காதது என்று அவளுக்குத் தெரியும்.

இங்கே சட்டைக்குப் பதில் குப்பி. துளை போட்ட தட்டில் பார்க்காத குப்பி நிமிர்ந்து நிற்கும், பார்த்த குப்பி தலைகீழாக நிற்கும். தட்டு முழுவதும் கவிழ்ந்துவிட்டால் வேலை முடிந்தது. குப்பியை எப்படிப் பிடிக்க வேண்டும், எத்தனை நொடி பார்க்க வேண்டும் என்றெல்லாம் பதினேழு பக்கம் எழுதி வைத்திருந்த விதிமுறையில், பார்த்த பிறகு எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. பக்கத்து அறையில் பேக்கிங் செய்த ரத்தினம்மாள் ஒவ்வொரு குப்பியாக எடுத்து, கையால் லேபிள் ஒட்டி, பெட்டிக்குள் நிமிர்த்தி வைப்பாள். தொந்தரவு எதுவும் இல்லாமல் பத்து வருடம் போயிற்று.

சங்கராந்தி முடிந்த வாரம் புகார் வந்தது. தர நிர்ணயப் பிரிவின் தலைவி மமதா, கன்னடம் பேசும் மண்டியாக்காரி, எல்லோருக்கும் எள்ளும் வெல்லமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சரசுவை மட்டும் தன் அறைக்கு வரச் சொன்னாள்.

“சரசம்மா, ஒரு லேப்லேர்ந்து மெயில் வந்திருக்கு. மூணு வயல் காலியாம். தண்ணி விட்டுக் கரைச்சு செல்லுக்கு வெச்சா ஒரு செல்லுகூட நகரலையாம்.”

வயல் என்பது குப்பிக்குக் கம்பெனியில் வழங்கும் பெயர்.

“சுத்திட்டுத் தெறந்தாங்களா மேடம்?” என்று கேட்டாள் சரசு. கையாளும்போது தூள் மேலே ஏறி ஒட்டிக்கொள்ளும் என்பதால், திறக்குமுன் குப்பியைச் சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுழற்ற வேண்டும். லேபிளிலேயே அது எழுதியிருக்கும். காலி என்று வரும் புகார்களில் பாதி, அதைப் படிக்காதவர்களிடமிருந்து வருவது.

“சுத்தினேன்னுதான் எழுதியிருக்காங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க.” மமதா திரையிலிருந்து நிமிர்ந்தாள். “மேலே கேக்கறாங்க. இன்ஸ்பெக்‌ஷன் பண்ணவங்களுக்கு எத்தனை வயசுன்னு கேட்டாங்க. பேஜார் மாட்கோபேடி, வருத்தப்படாதீங்க. ஒரு தடவை கண் டெஸ்ட் மட்டும் பண்ணிடலாம்.”

சரசுவுக்கு நாற்பத்தேழு வயது. கண் போய்விட்டது என்று ஒரு காகிதம் வந்தால் மேஜை போய்விடும். மேஜை போனால் அதே மாப், அதே வாளி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அன்றைக்கே எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கம்பெனி வண்டியில் அனுப்பினார்கள். கடைசி வரியில் இருந்த குட்டி எழுத்துவரை படித்துவிட்டாள். போன வருடம் வாங்கிய கண்ணாடியே போதும், கண் பிரமாதமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை நாலாக மடிக்காமல், சுருட்டிக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்து மமதாவிடம் கொடுத்தாள்.

மறுநாள் அந்த லேபிலிருந்தே ஒரு பெண் வந்துவிட்டாள். மஞ்சள் வழித்தட மெட்ரோவில் கடைசி ஸ்டேஷன் வரை வந்து, மடியில் தெர்மகோல் பெட்டியோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். பெயர் கிருத்திகா. கிருஷ்ணகிரிக்காரி, ஆராய்ச்சிப் படிப்பில் மூன்றாம் வருடம். டீ குடிக்க வெளியே வந்த சரசுவைக் காட்டி, வரவேற்பில் இருந்த மௌரீன், “இவங்கதான் நீங்க கேட்ட இன்ஸ்பெக்‌ஷன் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டாள்.

கிருத்திகா எழுந்து நின்றாள். “அக்கா, மூணும் காலியா இருந்துச்சு அக்கா. நான் சிந்திட்டேன்னு எங்க சார் சொல்றாரு. ஒண்ணுன்னா சிந்தலாம், மூணையுமா சிந்துவேன்?”

“சுத்தினியாம்மா?”

“சத்தியமா சுத்தினேன். எங்க டேபிள் மேல இருக்கற சின்ன மெஷின்ல, நிமிஷக் கணக்குப் பாத்துதான் எடுத்தேன். மூணு மாச வேலை அக்கா இது. அடுத்த மாசம் கமிட்டி உக்காந்து என் வேலையப் பாக்கும். கவனக்குறைவுன்னு சார் எழுதிட்டாருன்னா இந்த வேலைய எங்கிட்டேருந்து எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

சரசு டீயை ஒரு வாய் குடித்தாள். “எங்க கையிலேருந்து காலியா எதுவும் போகாதும்மா. பதினோரு வருஷத்துல போனதில்ல” என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்தது பெருமைதான். எதிரே இருந்தவளுக்கு அது எப்படிக் கேட்டது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. கிருத்திகா உட்கார்ந்து பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். அந்தக் குப்பிகளை வாங்கிப் பார்த்த மமதாவாலும் எதையும் நிரூபிக்க முடியவில்லை. திறந்த குப்பிகள். கழற்றிய ரப்பர் மூடிகளை அந்தப் பெண் அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தாள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது ஆராய்ச்சிக்கூடத்துக்கும் பொருந்தும்.

புதன்கிழமை மஞ்சுநாத் சோதனை வைத்தான். செல்களை வளர்த்துப் பரிசோதிக்கும் அறை அவனுடையது. அதே தொகுப்பில் மிச்சம் முப்பத்தாறு குப்பிகள் குளிர்பெட்டியில் இருந்தன. அதிலிருந்து ஆறு எடுத்துப் பார்ப்பது என்று முடிவு. கையெழுத்துப் போட்டவள் என்பதால் சரசுவும் கூட இருக்க வேண்டும் என்றார்கள்.

மஞ்சுநாத் பெட்டியைத் திறந்ததும் சிரித்தான். “நோடி, பாருங்க அக்கா, எல்லாம் சிரசாசனம் போட்டிருக்கு!”

தட்டு அப்படியே பெட்டிக்குள் இருந்தது. முப்பத்தாறும் தலைகீழாக நின்றன. லேபிளில் எழுத்துகளும் தலைகீழ். அவன் ஒன்றை எடுத்து நிமிர்த்தி விளக்குக்கு நேரே பிடித்தான். “அடியில ஒண்ணும் காணோம். எனக்கு எப்பவும் ஒண்ணும் தெரியாது, அது வேற விஷயம். நீங்க பாருங்க.”

சரசு வாங்கி, அங்கிருந்த கறுப்புப் பலகைக்கு முன்னால் பிடித்தாள். வழக்கமாக அடிக் கண்ணாடியில், புரதத்தோடு சேர்ந்திருக்கும் கொஞ்சம் உப்பால், கண்ணாடியில் மூச்சுப் பட்டாற்போல ஒரு மங்கல் இருக்கும். மற்றவர்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். இதில் அடி பளிச்சென்று இருந்தது. கண் மெல்ல மேலே போயிற்று. ரப்பர் மூடியின் உள்பக்கம் வழவழவென்று கறுப்பாக இருக்க வேண்டும். அங்கே இருந்தது அந்த மங்கல்.

இரண்டாவதை எடுத்தாள். மூடியில் இருந்தது. மூன்றாவது, நான்காவது, ஆறுமே அப்படித்தான்.

“என்னக்கா, நூல் கீல் இருக்கா?” என்றான் மஞ்சுநாத்.

“இல்ல. நூல் எதுவும் இல்ல.”

அது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது.

அவன் ஆறையும் நிமிர்த்தி, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான பெரிய சுழல் இயந்திரத்தில் வைத்துப் பதினைந்து நிமிடம் சுழற்றினான். சரசு அந்த இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டபடி நின்றுகொண்டு, என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டாள். போன உகாதிக்கு லேபிள் ஒட்டும் மெஷின் வந்தது. இப்போது லேபிள் ஒட்டிய பிறகுதான் குப்பி அவளிடம் வருகிறது. ரத்தினம்மாள் மகள் வீட்டோடு இருக்கிறேன் என்று ஓசூருக்குப் போய்விட்டாள். நிமிர்த்தி வைக்க ஆள் இல்லை. அவள் கவிழ்த்து வைத்த தட்டு, மூடி போட்டு, அப்படியே குளிர்பெட்டிக்குள் போகிறது. மாதக்கணக்கில் தலைகீழாக நின்று, வெளியே எடுத்து உள்ளே வைத்து, வண்டியில் குலுங்கி, தூள் மூடியில் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பெரிய இயந்திரம் அதை இறக்கிவிடும். மேஜைமேல் வைக்கும் சின்ன இயந்திரம் இறக்காது. அந்தப் பெண் சுழற்றியிருக்கிறாள். மூடியைக் கழற்றி, புரதத்தை மூடியோடு குப்பையில் போட்டுவிட்டு, வெறும் குப்பியில் தண்ணீர் விட்டிருக்கிறாள்.

கண் தப்புச் செய்யவில்லை. கை செய்திருக்கிறது, அதுவும் தப்பே வரக்கூடாது என்று பழகிய கை.

சோதனை எளிமையானது. நடுவில் நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு சவ்வு. மேலே செல்கள், கீழே கெமோகைன் கரைத்த நீர். கெமோகைன் உயிர்ப்போடு இருந்தால் செல்கள் அதன் அழைப்புக்குத் துளை வழியே நெளிந்து கீழே இறங்கும். வெறும் நீராக இருந்தால் மேலேயே கிடக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மஞ்சுநாத் நுண்ணோக்கியின் திரையைத் திருப்பிக் காட்டினான். வெறும் நீர் வைத்த கிண்ணத்தில் ஒன்றிரண்டு புள்ளிகள். மற்ற ஆறிலும் கடுகு சிந்தினாற்போல செல்கள்.

“சூப்பர் அக்கா! ஆறுக்கு ஆறு. எல்லாம் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்திருக்கு” என்றான்.

மமதாவின் முகம் மலர்ந்தது. “ஆயித்து, முடிஞ்சது. சரக்குல குறை இல்ல. நம்ம சரசம்மா கண்ணுலயும் குறை இல்ல. அந்தப் பொண்ணு சரியா சுத்தலை. நாளைக்கு ஃபைலை மூடிடலாம்” என்றாள். போகும்போது சரசுவின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். பதினோரு வருடத்தில் அப்படித் தட்டியதில்லை.

சந்தாபுராவில் வீடு. முன்னறைச் சுவரில் புத்தரும் பாபாசாகேபும் பக்கத்துப் பக்கத்தில். அவர்களுக்குக் கீழே ஷங்கரின் ஹெல்மெட். சரசு சோற்றைப் பிசைந்துகொண்டே நடந்ததை அவனிடம் சொன்னாள். ஷங்கர் முழுவதையும் கேட்டான்.

“டெஸ்ட்ல ஜெயிச்சாச்சு இல்ல?”

“ஆச்சு.”

“கண்ணும் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டான் இல்ல?”

“ஆமா.”

“அப்புறம் என்னா? நாளையிலேருந்து நேரா வெச்சிட்டுப் போ. கேட்டாங்களா உன்ன? அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு, எப்படியாச்சும் பொழச்சுக்கும். நீ மறுபடி மாப்பு புடிக்கணுமா?”

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. எது அதிகம் என்று பார்த்தால் வெட்கம்தான். கலந்தது நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, சூப்பர்வைசர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்குப் பட்டதற்காகத்தான் கவிழ்க்கப் பழகினாள். அப்படிக் கவிழ்த்ததே இப்போது இன்னொருத்தியைப் பழியோடு நிற்கவைத்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று அப்போது கார்மென்ட்ஸ் பெண்கள் அவளைத் தேற்றினார்கள். பாவத்தின் பக்கம் தானே போய் உட்கார நேரும் என்று அவள் நினைத்ததில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை மமதா படிவத்தை நீட்டினாள். நாலு பக்கம், எல்லாம் ஆங்கிலம். “இங்க ஒரு சைன் சாக்கு சரசம்மா. ஒண்ணு போதும்.”

சரசு எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆய்வு செய்தவர் விதிமுறைப்படியே பார்த்தார், குறை எதுவும் காணப்படவில்லை, பயன்படுத்தியவர் சரியாகச் சுழற்றாமல் திறந்திருக்கலாம். கீழே ‘ஆய்வாளர் கூற விரும்புவது’ என்று ஒரு கட்டம். அதற்கடியில் கையெழுத்துக்குக் கோடு.

பேனாவை வாங்கி அந்தக் கட்டத்துக்குள் எழுத ஆரம்பித்தாள். தமிழில்தான் எழுதினாள், வேறு எதிலும் அவ்வளவு எழுத வராது. கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள். தேதி, மணி போட்டு, கையெழுத்தும் போட்டாள். மமதா வேறு எதையோ தட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

“ஏனிது? என்ன எழுதிட்டீங்க இவ்வளவு?”

சரசு படித்துக் காட்டினாள். “நான் பார்த்து முடித்த குப்பிகளை அடையாளத்துக்காகத் தலைகீழாக வைப்பது வழக்கம். லேபிள் மெஷின் வந்த பிறகு அவை அப்படியே பெட்டிக்குள் போயிருக்கின்றன. தூள் மூடியில் ஒட்டியிருந்ததை நேற்று ஆறு குப்பிகளிலும் என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெண் சுழற்றியிருக்கிறாள். தப்பு என்னுடையது.”

மமதா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். “நேத்து ஏன் சொல்லல?”

“பயமா இருந்துச்சு மேடம்.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கும்தான்.”

“இது இருந்தா ஒரு வருஷமா போன எல்லா வயலையும் கேப்பாங்க. எத்தனை லேப், எத்தனை பதில் எழுதணும் தெரியுமா? சும்னே, சும்மா என்கிட்ட வாயால சொல்லியிருக்கலாம் இல்ல? நான் விதிமுறைல ஒரு வரி சேர்த்திருப்பேன். முடிஞ்சிருக்கும்.”

“அந்தப் பொண்ணு மேல இருக்கறது முடியாதே மேடம்.”

மமதா படிவத்தைக் கையில் எடுத்தாள். பக்கங்களுக்கு எண் உண்டு, கிழிக்க முடியாது. வெள்ளை மை தடவக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்கலாம். அடித்தது அடியில் படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை எல்லோரையும் உட்காரவைத்து இதைப் பாடம் நடத்துவது மமதாதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றாலும் இந்தப் படிவத்துக்குள் ஒரு கடுகை மறைக்க முடியாது.

அவள் பேனாவை எடுத்துத் தமிழ் வரிகளின் மேல் கொண்டுபோனாள்.

“காரணம் என்னான்னு எழுதுவீங்க மேடம்?” என்று கேட்டாள் சரசு. எதிர்த்துக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பேனா அங்கேயே நின்றது. பிறகு மமதா பக்கத்தைத் திருப்பி, தான் எழுதியிருந்த கடைசி வரியை, பயன்படுத்தியவர் சரியாகச் சுழற்றாமல் திறந்திருக்கலாம் என்ற வரியை, ஒற்றைக் கோட்டால் அடித்தாள். பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். “ஹோகி, போங்க. வேலையப் பாருங்க” என்றாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. அன்று முழுக்க இருந்தது.

அதன் பிறகு நடந்தவை நடக்க வேண்டியவைதான். மேலே ஒரு கூட்டம், அதில் மமதாவுக்கு வசவு. ஒரு வருடமாகக் குப்பி வாங்கிய லேப்களுக்கெல்லாம் கடிதம். கிருத்திகாவின் லேபுக்குத் தனியாக, உங்கள் மாணவி முறைப்படியே செய்திருக்கிறார், குறை எங்களுடையது என்று மமதா எழுதினாள். விதிமுறை பதினெட்டாம் பக்கத்துக்கு வளர்ந்து, பார்த்த குப்பியை நிமிர்த்தியே வைக்கவும் என்று ஒரு வரி சேர்ந்தது. சரசுவை மேஜையிலிருந்து எடுத்தார்கள். மாப் கொடுக்கவில்லை, பேக்கிங்கில் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி தேர்வு வைப்போம், அதில் தேறினால் மேஜை என்றார்கள். தேறுவாளா என்று கேட்டால், அவள் கண்ணை அறிந்தவர்கள் சந்தேகப்பட மாட்டார்கள். கையைப் பற்றி அவளுக்கே சந்தேகம் இருந்தது. வீட்டில் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போதுகூட ஒரு நொடி நின்று யோசித்தாள். “டம்ளரக் கவுக்கலாம்டி, அதுக்கு ரூல் இல்ல” என்றான் ஷங்கர்.

பேக்கிங்கில் நாலாவது நாள் வந்த அனுப்புச் சீட்டில் கிருத்திகாவின் பெயர் இருந்தது. மாற்றுக் குப்பிகள் மூன்று. சரசு ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அடியைப் பார்த்தாள். அது அவள் வேலை இல்லை, ஆனாலும் பார்த்தாள். மங்கல் அடியில் இருந்தது. நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்து, பனிக்கட்டிப் பைகளை அடுக்கி, பெட்டியின் நாலு பக்கமும் ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினாள். ஒன்று ஒட்டினால் போதும் என்பது விதி.

கூரியர்க்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். சரசு கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பைக்கில் கட்டியிருந்த பெரிய பையில் ஏற்கெனவே பெட்டிகள் நிறைந்திருந்தன. இதை ஒரு தடவை உள்ளே திணித்துப் பார்த்தார். போகவில்லை. திருப்பினார். அம்புக்குறி தரையைப் பார்க்க, பெட்டி சரியாக உள்ளே போய் உட்கார்ந்தது.

தலையில் வலைத்தொப்பி, மேலே நீல அங்கி, காலில் துணி உறை. அந்த உடையோடு வாசலைத் தாண்டக் கூடாது. சரசு தாண்டினாள். மௌரீன் ஏதோ கூப்பிட்டது காதில் விழவில்லை. தூசி பறக்கும் ரோட்டில் துணி உறையோடு ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த பைக்கின் பையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, அண்ணா, நேரா வைங்க! அம்பு மேல இருக்கணும்.”

அவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்னக்கா, காத்து மாதிரி இருக்கு வெயிட்டே இல்லாம. அப்படி என்னா இருக்கு உள்ள?”

“ஒரு பொண்ணோட மூணு மாச வேலை இருக்குண்ணா” என்றாள் சரசு. பையிலிருந்த நாலு பெட்டிகளை அவளே வெளியே எடுத்து, இதை அடியில் நிமிர்த்தி வைத்து, மற்றவற்றைச் சுற்றிலும் அடுக்கி, குலுக்கிப் பார்த்துவிட்டு ஜிப்பை மூடினாள். பைக் டயர் குடோனைத் தாண்டித் திரும்பும் வரை அங்கேயே நின்றாள்.

பிறகு உள்ளே போய், காலில் இருந்த துணி உறையை மாற்றிக்கொண்டு, பேக்கிங் அறையின் பதிவேட்டைத் திறந்து, உடை மாற்றாமல் நாலு நிமிடம் வெளியே போய் வந்ததாக ஒரு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள்.